ஞாயிற்றுக்கிழமை சிக்னல்

— லேப்டாப்பை இன்னும் கொஞ்சம் தூக்கிப் பிடிங்க. அவ மூக்கு வரைக்கும் வந்திருக்கு, வாய் இன்னும் வரல.

— வாய் வரலையா? உன் பொண்ணுக்கா? நம்ப முடியலையே.

— ஏங்க, எனக்கு மட்டுமா அவ பொண்ணு?

— கடை போர்டுல அவ பேரையும் சேத்து எழுதினேன் பாரு, அன்னைக்கு எனக்கும் பொண்ணாத்தான் இருந்தா. பெயின்ட் காயறதுக்குள்ள, கம்பெனி வேலைன்னு வேற ஊருக்குக் கிளம்பிட்டா.

— அதுக்குன்னு ஒரு வருஷமாவா முகத்தைத் தூக்கி வச்சுக்கிறது? அந்தப் பெயின்ட்டே உரிய ஆரம்பிச்சிடுச்சு.

— நான் எங்க முகத்தைத் தூக்கினேன்? லேப்டாப்பைத் தூக்கிட்டு நிக்கிறேன். இதுக்கு மேல ஒரு அப்பன் என்ன செய்வான்?

— வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசுவான்.

— நான் ரிப்பேர்காரன். ரிப்பேர் பாக்கச் சொன்னே, பாக்குறேன். பேச்செல்லாம் உன் டிபார்ட்மென்ட். ஆமா, எனக்கு ஒண்ணு புரியல. மத்த நாள்ல உன் சீரியல் தண்ணியா ஓடுது. ஞாயித்துக்கிழமை அவ கூப்பிடுற நேரம் மட்டும் சிக்னல் நொண்டுதே, அது என்ன கணக்கு?

— ஞாயித்துக்கிழமை ஊரே வீட்ல கிடக்குது. ஆளாளுக்கு இழுத்தா வேற எப்படி இருக்கும்?

— வைஃபை பெட்டியைப் பாத்தியா?

— பாத்தேன். பீரோ மேல சமத்தா உக்காந்திருக்கு. பச்சை விளக்கு எரியுது.

— உன் உசரத்துக்கு அது எப்படித் தெரிஞ்சுது?

— ஸ்டூல் போட்டுப் பாத்தேன். போலீஸ் மாதிரி கேள்வி கேக்காதீங்க.

— விளக்கு எரிஞ்சா எல்லாம் சரியாயிடுமா? என் கடைக்கு வர்ற ஃப்ரிட்ஜ்ல எல்லாம் விளக்கு ஜோரா எரியும். ஐஸ் மட்டும் கட்டாது. இரு, நானே ஒரு தடவை பாத்துடறேன்.

— வேணாங்க. அங்க ஒரே தூசி, உங்களுக்குத் தும்மல் நிக்காது. அப்படியே ஜன்னல் பக்கம் போங்க.

— சரிதான். பெட்டிகிட்ட மட்டும் போகக் கூடாது. ஜன்னல்கிட்ட ரெண்டு கோடு. சமையல்கட்டுப் பக்கம் திருப்பினா ஒண்ணு. உள்ள என்ன ஓடுது?

— மைக்ரோவேவ்ல தண்ணி வச்சிருக்கேன்.

— அதை முதல்ல நிறுத்து. அது ஓடுனா இது படுத்துடும். ரெண்டும் ஒரே வீட்ல இருந்துக்கிட்டு ஒண்ணை ஒண்ணு பேச விடாது.

— நம்ம ரெண்டு பேர் மாதிரி.

— நம்ம வீட்ல ஒண்ணுதான் பேசும். இன்னொண்ணு லேப்டாப் தூக்கும். இந்தா, மாடிப்படிகிட்ட மூணு கோடு வந்திருச்சு. வாயும் வந்திருச்சு.

— அம்மா? கேக்குதா? யாரும்மா பிடிச்சிருக்கிறது, படம் ஆடுதே?

— உங்கப்பாதான். பேசு, பேசு.

— கேக்குதுன்னு சொல்லு அவகிட்ட.

— நீங்க சொன்னதே அவளுக்குக் கேட்டிருக்கும்.

— சாப்பிட்டாளான்னு கேளு.

— சாப்பிட்டேன்னு சொல்லும்மா. முதுகுவலி எப்படி இருக்குன்னு கேளு.

— அவ போனப்ப எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்குன்னு சொல்லு.

— நல்லா இருக்கு கதை. ரெண்டு பேருக்கும் நடுவுல நான் என்ன தபால்காரியா?

— அம்மா, இன்னைக்கு நீ வேணாம். நான் நேராவே கேக்கணும். அப்பா, கம்பெனி வேலையை விட்டுட்டேன். சொந்தமா கடை போடறேன், சின்னதுதான். ஃப்ரிட்ஜும் வாஷிங் மெஷினும். வர்ற வாரம் திறக்கிறேன். உங்ககிட்ட கத்துக்கிட்ட வேலைப்பா அது. அதனால நீங்க...

— என்ன? நான் என்ன?

— கட்டாயிடுச்சுங்க.

— நான் என்ன பண்ணணுமாம்? சிக்னல் ஒரு கோடு கூடக் காணோமே. ஏய், உனக்கு முன்னாடியே தெரியுமா இந்தக் கடை விஷயம்?

— தெரியும். அவ வாயாலதான் உங்ககிட்ட சொல்லணும்னு இருந்தா. பாவிப் பய சிக்னல், இன்னைக்குன்னு பாத்து இப்படியா? நீங்க மேல போங்க, மொட்டை மாடி வாசல் வரைக்கும். சீக்கிரம்.

— நான் மேல போறேன். நீ ஏன் ஸ்டூலை இழுக்கிறே?

— ஒட்டடை அடிக்கலாம்னு.

— இப்பவா? இந்த லேப்டாப்பைப் பிடி. கொஞ்சம் நகரு.

— என்னங்க, வேணாங்க, தூசி...

— இந்தா, உன் பிஸ்கட் டின். இதை இப்படிப் பெட்டி மேல கவுத்து வச்சா சிக்னல் எங்கேருந்து வரும்?

— திட்டாதீங்க. லேப்டாப் ஒழுங்கா ஓடுனா நீங்க செருப்பை மாட்டிட்டு வெளிய போயிடுறீங்க. ரிப்பேர்னாத்தான் பக்கத்துல நிக்கிறீங்க. அந்தச் சாக்குல அவ குரலையாவது கேப்பீங்களேன்னு வச்சேன். அவ கூப்பிடுறதுக்கு முன்னாடி கவுப்பேன், பேசி முடிச்சதும் எடுத்துடுவேன். எனக்கு வேற வழி தெரியல.

— அப்பா? இப்ப நல்லா தெரியறீங்க. நான் சொன்னது கேட்டுச்சா? கடையை நீங்கதான் வந்து திறக்கணும். வருவீங்களாப்பா?

— வரேம்மா. என் ஸ்பேனர் செட்டையும் எடுத்துட்டு வரேன். உன் அம்மா அழறா, ஒரு நிமிஷம் இரு.

— நான் ஒண்ணும் அழல. ஏங்க, அது சரி, ஒரு வினாடி கூடத் தேடலையே நீங்க. டின்னு அங்க இருக்கிறது உங்களுக்கு எப்படித் தெரியும்?

— முதல் வாரமே தெரியும். போன மாசம் நீ உன் தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டு, நம்ம பொண்ணு கூப்பிட்டப்புறம்தான் மூச்சு வாங்க ஓடி வந்தே. அன்னைக்கும் சிக்னல் வரல. அன்னைக்கு டின்னைக் கவுத்து வச்சது யாருன்னு நினைச்சே?