அண்ணன் பொத்தானில் சித்தப்பா ஓட்டிய மாலைகள்

இன்ஸ்பெக்டர் அம்மா, இதை எங்கள் வீட்டில் யாரிடமும் காட்டிவிடாதீர்கள்.

என் வயது பதினைந்து. நீங்கள் நேற்று விசாரிக்க வந்த மாடி வீட்டில் அப்பா, அம்மா, அண்ணன், சித்தப்பா, சித்தியுடன் வசிக்கிறேன். நேற்று எனக்கு ஒன்றும் தெரியாது என்றேன். தெரியும்.

அண்ணனுக்குப் பதினெட்டு வயது. புதிதாக லைசென்ஸ் வாங்கிய இளைஞர்கள் எப்படி ஓட்டுகிறார்கள் என்று பார்க்கும் பல்கலைக்கழக ஆய்வில் சேர்ந்தான். அதற்காக எங்கள் காரில் ஒரு பெட்டி பொருத்தினார்கள். சடன் பிரேக் போடும் ஒவ்வொரு முறையையும் அது எண்ணும். ஓட்டுபவர் தன் பொத்தானை அழுத்தாவிட்டால் கத்திக்கொண்டே இருக்கும். அண்ணனுக்கு ஒரு பொத்தான், அப்பாவுக்கு ஒன்று. சித்தப்பாவுக்குக் கிடையாது, அவருடைய லைசென்ஸ் ரத்தாகியிருந்தது.

அதன் பிறகு அப்பா வெளியூர் வேலைக்குப் போனதால், என்னை டியூஷனுக்கு அழைத்துப் போவதைச் சித்தப்பா எடுத்துக்கொண்டு, ஊரில் இல்லாத அப்பாவின் பொத்தானை விட்டு அண்ணனுடையதை அழுத்தி ஓட்டினார். சிக்னலுக்குச் சிக்னல் என் பை முன்னால் போய் விழும். "ராட்டினத்துல காசு குடுத்து ஏறுறாங்க பாப்பா, உனக்கு ஓசி!" என்று சிரிப்பார்.

அதன் பிறகு அண்ணன் ஓட்டிச் சென்றபோது கார் ஒரு வேனில் மோதியது. வேன்காரர் குறுக்கே திரும்பினார் என்று அவன் சொன்னதை நீங்கள் நம்பவில்லை. மாதாமாதம் அவனுடைய சடன் பிரேக் ஏறிக்கொண்டே வந்ததாக ஆய்வு அறிக்கை காட்டுகிறது என்றீர்கள். சித்தப்பா ஓட்டியதை அண்ணன் உங்களிடம் சொல்லவில்லை. சொல்லிவிடாதே என்று சித்தி அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுததை நான் பார்த்தேன்.

அதன் பிறகு, இன்று மாலை, ஆய்வு செய்யும் அக்காவுக்குப் போன் செய்து, ஒரே பொத்தானில் இரண்டு பேர் ஓட்டினால் என்ன ஆகும் என்று கேட்டேன்.

"எல்லா மாசமும் ஒரே ஆளோட எண்ணிக்கைன்னு வச்சுத்தான் நாங்க கணக்கே போடுறோம். ரெண்டு பேரைக் கலந்துட்டா, மாறினது ஓட்டுற விதமா, ஆளான்னே தெரியாதும்மா. ஆமா, நீ ஏன் கேக்குற?"

போனை வைத்துவிட்டேன்.

டியூஷன் உள்ள மாலைகளில் அண்ணன் கல்லூரி மைதானத்தில் பயிற்சியில் இருப்பான். பயிற்சியாளரைக் கேளுங்கள். அந்தப் பயணங்களைத் தனியே பிரித்துவிட்டு, மீதியைக் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று மறுபடி கணக்கிடச் சொல்லுங்கள். அப்போதும் ஏறினால் நான் பொய் சொன்னதாக எழுதிக்கொள்ளுங்கள். ஏறாது. கோர்ட்டில் சித்தப்பா முன்னால் நிற்க வைத்தாலும் இதையேதான் சொல்வேன்.

இதில் உள்ளது எல்லாம் நானே கண்டதும் கேட்டதும்தான். யாரும் சொல்லிக்கொடுத்து எழுதவில்லை.

கதவைத் தட்டுகிறார்கள். "பாப்பா, இன்னும் லைட்டு எரியுது?" சித்தப்பாதான். கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் திறப்பேன்