கைப்பையில் இருந்த ரிமோட்

காலை எட்டே முக்காலுக்கு உத்திரமேரூர் ஏரிக்கரை வளைவில் எங்கள் பஸ் பழுதாகி நின்றுபோனது. முன் சீட்டில் என் மகளின் வகுப்பு டீச்சர், என்னைக் கவனிக்கவில்லை. பக்கத்தில் வேறொரு பள்ளி டீச்சர்.

"ஐயோ, ஸ்மார்ட் போர்டு ரிமோட் என் பைலயே கீது!" என்று பதறினார் மகளின் டீச்சர்.

"வூட்டுக்கு ஏன் எத்துக்கினு போன?"

"வச்சிட்டு வந்தா புள்ளைங்க கார்ட்டூன் போட்டுக்குதுங்க. ஒம்போது மணிக்கு ஆபீசருங்க ஆய்வுக்கு வராங்க. போர்டு சும்மா கீதுன்னு எழுதினா வேற ஸ்கூலுக்குத் தூக்கிடுவாங்க."

"எங்க ஸ்கூலுக்குத் தரட்டும், வேணான்னா சொல்லப்போறேன்? எவ்ளோ நேரம் ஓடுச்சின்னுதான கேப்பாங்க?"

"அது போன வருஷம். இப்ப புள்ளைங்க இன்னா கத்துக்கிச்சுன்னு கேப்பாங்களாம். கேக்கட்டும். என் புள்ளைங்க சொல்லும்."

அந்தப் போர்டில் ரொட்டியை வெட்டிக் காட்டிய படத்தைப் பார்த்துத்தான் என் மகளுக்குப் பின்னக் கணக்கு புரிந்தது. ஆனால் வகுப்பில் வாயே திறக்காதவள்.

ஒன்பதரைக்கும் பஸ் கிளம்பவில்லை. டீச்சர் போன் செய்திருந்ததால், பள்ளியில் சத்துணவு சமைக்கும் அக்கா ஸ்கூட்டரில் வந்து ஜன்னலைத் தட்டினார்.

"மெதுவாவே வாங்க டீச்சர். பேசாத பொண்ணு ஒண்ணு கீதே, அது சாக்பீஸ் எடுத்து, கரும்பலகைல ரொட்டி வரைஞ்சு, ஆபீசருங்களுக்கே கணக்கு சொல்லிக்கினு கீது. ரிமோட்ட யாரும் கேக்கவே இல்ல."