பூட்ஸ் போட்ட எழுத்து

தொம்முன்னு ஒரு சத்தம் டாக்டர், அதான் இந்த எழுத்தைப் பார்த்தா எனக்கு முதல்ல ஞாபகம் வரும். இதே அச்சாபீஸ்ல எங்க அக்கா அச்சடிக்கிற மர எழுத்தை ஒவ்வொண்ணா எடுத்து மேசையில வெப்பா. மத்ததெல்லாம் டொக்குன்னு உக்காரும். இது மட்டும் மாமனார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி தொம்முன்னு உக்காரும்.

ஏன் மூஞ்சியச் சுளிக்கிறீங்க? உங்க கண் ஆஸ்பத்திரி போர்டுக்கு நீங்க கேட்ட மெல்லிசு எழுத்தையும் காட்டுறேன், இருங்க. முதல்ல இவனைப் பாருங்க. கோடு முடியிற இடத்துலெல்லாம் சதுரமா ஒரு கட்டை இருக்கா? அதான் இவன் காலு. நானும் அக்காவும் பூட்ஸுக்காரன்னுதான் கூப்பிடுவோம். ரகசியம் பேசவே தெரியாது இவனுக்கு. சர்க்கஸு, குத்துச்சண்டை, தள்ளுபடி, நாய் ஜாக்கிரதை... இதுக்கெல்லாம் கூப்பிட்டா எதிர் வரிசைக்குக் கேக்குற மாதிரி குரல் குடுப்பான். காதல் கடுதாசிய இவன்கிட்ட குடுத்தீங்க, அந்தப் பொண்ணு ஊரைவிட்டே ஓடிடும்.

அக்காவுக்கு இவன்மேல அப்படி ஒரு பைத்தியம். அவ எழுத்துக் கோத்த கடைசி ஒரு வருஷம் எதை எடுத்தாலும் பூட்ஸுதான். பாட்டு வகுப்பு நோட்டீஸா, பூட்ஸு. குழந்தை பிறந்தநாள் அழைப்பா, அதுக்கும் பூட்ஸு. ஒருநாள் துணிக்கடைக்காரர் வந்தார். அவங்க அம்மா தவறிட்டாங்க, ரெண்டு நாள் கடை லீவுன்னு கதவுல ஒட்ட நோட்டீஸ் வேணும்னார். நான் வெளிய போயிருந்தேன். அக்கா அதையும் இவன் கையில குடுத்துட்டா. மறுநாள் காலையில பார்த்தா, கடை வாசல்ல பையும் கையுமா இருபது பேரு! தூரத்துலேர்ந்து பார்த்துட்டுத் தள்ளுபடின்னு ஓடிவந்திருக்காங்க.

நீங்க சிரிக்கிறீங்க. எனக்கு அன்னைக்குச் சிரிப்பு வரல. துணிக்கடைக்காரர் நிக்கிறாருன்னுகூடப் பார்க்காம அக்காவைப் பிடிபிடின்னு பிடிச்சிட்டேன். உனக்கு ரசனையே செத்துப்போச்சு, இனிமே எழுத்துப் பெட்டியத் தொடாதேன்னேன். அவ கையத் துடைச்சிக்கிட்டு உள்ள போயி பேப்பர் மடிக்க உக்காந்துட்டா.

சரி, உங்க போர்டுக்கு வருவோம். தலைமுடி கனத்துல எழுத்து. அதுவும் சாம்பல் நிறத்துல, வெள்ளைப் பலகைமேல. அழகாத்தான் இருக்கு, இல்லேங்கல. ஆனா நல்லாக் கண்ணு தெரியிறவன் எதுக்கு டாக்டர் உங்ககிட்ட வர்றான்? அடடா, இப்பதான் வாய்விட்டுச் சிரிக்கிறீங்க.

இல்ல, வேடிக்கைக்குச் சொல்லல. அக்காவுக்கு மத்த எழுத்து எதுவும் தெரியல. பெட்டிக்குள்ள அவ கண்ணுக்குப் பட்டவன் இவன் ஒருத்தன்தான். சொன்னா வேலையப் பிடுங்கிடுவேன்னு பயந்துக்கிட்டு வாயத் திறக்கல. நானும் என்னக்கான்னு ஒரு வார்த்தை கேக்கல, வேலையப் பிடுங்கினேன். நாலு மாசம் கழிச்சு, சாத்தியிருந்த கண்ணாடிக் கதவுல போய் மோதினாளே, அப்பதான் எனக்கு உறைச்சுது. சர்க்கரை வியாதி கண்ணைத் தின்னுருக்கு. கொஞ்சம் முன்னாடி கூட்டிட்டு வந்திருக்கலாமேம்மான்னார் உங்களை மாதிரி ஒரு டாக்டர்.

பூட்ஸே போட்டுரவா? நல்ல கறுப்புல?

அக்காவா? மாடியில என்னோடதான் இருக்கா. ரெண்டு கண்ணும் போயி பதினாறு வருஷமாச்சு.