அறிவு குடையல்ல, வாசலில் விட்டு வர

அருகே வாருங்கள், எங்கள் கண்ணுகளே! பின்வரிசையில் ஒதுங்கி இருப்பவர்களும் நாற்காலியை இழுத்துக்கொண்டு முன்னே வந்துவிடுங்கள். தேநீர் ஆறினால் ஆறட்டும், மறுபடி போட்டுத் தருகிறோம். இன்று உங்களுக்கு ஒரு கதை இருக்கிறது. இட்டுக்கட்டிய கதை அல்ல. இதே கட்டடத்தில், இதே மாடிப்படியில் நடந்தது.

ஏடெடுத்தால் எழுத்தெண்ணிப் படிப்பவரே! ஏளனம் பேச வந்தவர்க்கும் எழுந்து இருக்கை தந்தவரே! கேட்டவர் கேள்வியைக் கேட்டவரினும் தெளிவாய்க் கேட்டுக் காட்டிய பெருந்தகையே! நற்செய்தி இல்லத்தின் நூலகராய் அமர்ந்து, நாவடக்கமும் நெஞ்சுரமும் ஒருசேர விளங்க ஊழியம் புரிந்து, இன்று ஓய்வு பெறும் எங்கள் அன்னையே!

முதலில் எங்களைப் பொறுத்துக்கொள்ளுங்கள். பாராட்டு மடலை உங்கள் முகம் பார்த்துத்தான் வாசிக்க வேண்டும். ஆனால் உங்கள் முகம் பார்த்து வாசித்தால், இரண்டாவது வரியிலேயே கையை உயர்த்தி, "பொறுங்க, அது அப்படி இல்ல" என்று திருத்தத் தொடங்கிவிடுவீர்கள். அதனால் உங்களை எதிரில் உட்கார வைத்துக்கொண்டே, உங்களைப் பற்றி இவர்களிடம் சொல்லப் போகிறோம். இன்று ஒரு நாளாவது வாயைத் திறக்காமல் இருங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறோம். இந்த மடலை எழுதும் வேலையை எங்களிடம் ஒப்படைத்த செயலர் ஐயா, போகிற போக்கில் ஒரு வார்த்தை சொன்னார்: "அம்மாவோட எளிமையைப் பத்தி எழுதுங்க. ஜெபத்தைப் பத்தி எழுதுங்க. வெள்ளிக்கிழமையைப் பத்தி ஒரு வார்த்தை வேண்டாம்." ஐயாவும் இங்கேதான் முதல் வரிசையில் இருக்கிறார். ஐயா, மன்னிக்கவும். வெள்ளிக்கிழமையைத் தவிர வேறெதைப் பற்றியும் இந்த மடலில் எழுதவில்லை.

கேளுங்கள், கண்ணுகளே. மாடியில் நூலகத்தை ஒட்டிய சின்னக் கூடத்தில், வெள்ளி மாலைதோறும் கதவு திறந்திருக்கும். விசுவாசமுள்ளவர், இல்லாதவர், சண்டைக்கென்றே சட்டைக் கையை மடித்துக்கொண்டு வருபவர் என்று யார் வேண்டுமானாலும் வரலாம், எதை வேண்டுமானாலும் கேட்கலாம். நடுவில் ஒரு கைவைத்த நாற்காலி. அதில் உட்கார்ந்து பதில் சொல்கிறவருக்கு ஒரே ஒரு சட்டம். வந்தவர் கேட்டதை முதலில் தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். கேட்டவர் "ஆமா, இதைத்தான் கேட்டேன்" என்று தலையசைக்க வேண்டும். அதுவரை பதில் என்று ஒரு சொல்லும் பேசக்கூடாது. இந்தச் சட்டம் போட்டவர் நம் நூலகர். "பொறுங்க, நீங்க கேட்டது இதுதானான்னு பாருங்க" என்று அவர் ஆரம்பிப்பதைக் கேட்டுக் கேட்டு, ஊரே அவருக்குப் 'பொறுங்கம்மா' என்று பெயர் வைத்துவிட்டது.

அந்தக் கூடத்துக்கு, கடைத்தெரு முனையில் மருந்துக்கடை வைத்திருப்பவர் வந்தார். மனைவியைப் பறிகொடுத்தவர். கோபத்தோடுதான் வந்தார்.

"உங்க சாமிக்குக் காது கேக்குமா, கேக்காதா?" என்றார்.

பொறுங்கம்மா திருப்பிச் சொன்னார்: "ஜெபத்துக்குப் பதில் உண்டான்னு கேக்குறீங்க."

"இல்ல. அது பெரிய மனுசங்க கேக்குற கேள்வி."

மறுவாரம் வேறு விதமாய்ச் சொன்னார். அதற்கும் மருந்துக்கடைக்காரர் இல்லை என்றார். மாதக்கணக்கில் இப்படியே போனது. அந்த மனிதரும் விடவில்லை, இவரும் விடவில்லை. ஒருநாள் பொறுங்கம்மா புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்: "உங்க மனைவி வலியில கத்துனாங்க. அது உங்களுக்கே தாங்கலையே, சாமிக்கு எப்படித் தாங்கிச்சுன்னு கேக்குறீங்க." மருந்துக்கடைக்காரர் தலையசைத்தார். வெகுநேரம் அசைத்துக்கொண்டே இருந்தார்.

"சரி, பதில்?"

"தெரியல. படிச்சிட்டிருக்கேன். அடுத்த வாரமும் வாங்க."

இதைச் சிலர் தோல்வி என்றார்கள்! ஆத்துமாவை வலைவீசிப் பிடிக்கத் தெரியாத ஊழியம் என்றார்கள்! ஒருவர் கேள்வியை அவருடைய உள்ளத்துக்குள் போய் நின்று கேட்டுவிட்டு வருவதற்கு எத்தனை படிக்க வேண்டும், எத்தனை மொழி தெரிய வேண்டும், எத்தனை பேருடைய துக்கத்தை வாசித்திருக்க வேண்டும் என்று அவர்களுக்கு என்ன தெரியும்? அன்பு என்றால் தோளில் தட்டிக் கொடுப்பது மட்டும்தானா? உட்கார்ந்து படிப்பதும் அன்புதான், கண்ணுகளே. பிறர் கேள்விக்காகத் தன் கண்ணைத் தேய்த்துக்கொள்வதைவிட வேறென்ன அன்பு வேண்டும்?

இப்போது கசப்பான பகுதிக்கு வருகிறோம்.

தெருவில் கொடுக்க இந்த இல்லம் அச்சடிக்கும் நற்செய்தித் துண்டுத்தாளான ஒவ்வொரு கைப்பிரதியையும் அச்சுக்கு முன்னே பொறுங்கம்மா பார்ப்பது வழக்கம். "இதை யார் சொன்னது? அவரைக் கேக்கலாமா?" என்று ஓரத்தில் சிவப்பு மையில் எழுதித் திருப்பி அனுப்புவார். அந்தச் சிவப்பு மைக்கு அலுத்துப்போன செயலர் ஐயா, ஒரு கைப்பிரதியை அவர் கண்ணில் காட்டாமல் அச்சுக்கு அனுப்பிவிட்டார். அதில் இருந்தது இதுதான்: உலகப் புகழ்பெற்ற ஒரு மருத்துவர் தம் நோயாளிகளை ஆராய்ந்தாராம். ஜெபித்தவர்கள் எல்லாரும் மாத்திரையைத் தூக்கி எறிந்துவிட்டு நலமடைந்தார்களாம். அதைக் கண்டு அந்த மருத்துவரே மண்டியிட்டாராம்.

தெருத்தெருவாய்க் கொடுத்தோம். ஆமாம், நாங்களும்தான் கொடுத்தோம்.

இல்லத்தின் திரைச்சீலைகளைத் தைத்துத் தரும் தையல்காரம்மா அதை வாசித்தார். ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தினார். வழக்கமாக மாத்திரை வாங்க வருகிறவர் வரவில்லையே என்று மருந்துக்கடைக்காரர் வீடு தேடிப் போனபோது, அவர் பக்கவாதத்தில் வலது பக்கம் செயலிழந்து படுக்கையில் கிடந்தார். தலையணைக்கு அடியில் எங்கள் கைப்பிரதி!

அந்த வெள்ளிக்கிழமை கூடம் நிறைந்திருந்தது. அன்றைக்கென்று செயலர் ஐயாவே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மருந்துக்கடைக்காரர் குடையை மடக்கி வாசலில் இருக்கும் குடைத்தொட்டியில் போட்டுவிட்டு நேரே நடுவுக்கு வந்தார். கையில் கைப்பிரதி.

"இந்த டாக்டர் பேர் என்ன சார்? எந்த ஆஸ்பத்திரி? எதுல எழுதியிருக்கார்? நானும் படிக்கணும்."

ஐயா சிரித்தார். "தம்பி, இதெல்லாம் மூளையால புரிஞ்சுக்கிற விஷயம் இல்ல. வாசல்ல குடையை விட்டீங்கல்ல, அங்கயே அறிவையும் விட்டுட்டு வாங்க. இருதயத்தை மட்டும் உள்ள கொண்டு வாங்க."

"குடைக்கு மழை விட்டதும் வேலை இல்ல சார். அறிவை விட்டுட்டு வந்தா நான் திரும்ப வீட்டுக்கு எப்படிப் போவேன்?"

கூடத்தில் சிரிப்பு. ஐயாவின் முகம் சிவந்தது. "விதண்டாவாதம் பண்றவங்களுக்கு இங்க இடமில்ல!"

சுவரோரம் நின்றிருந்த பொறுங்கம்மாவுக்கு அந்த நேரத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் இழப்புதான் தெரிந்தது. பின்னால் அவரே எங்களிடம் சொன்னார். பேசினால், கட்டிக் காத்த வெள்ளிக்கிழமையே கைவிட்டுப் போகும். பேசாவிட்டால், இத்தனை காலம் அந்த நாற்காலியில் உட்கார்ந்து சொன்னதெல்லாம் பொய்யாகிப் போகும். அவருக்கு வேறு சொத்து சுகம் ஒன்றும் இல்லை. அந்தக் கூடம்தான் இருந்தது. அதையும் பணயம் வைத்து முன்னே வந்தார்.

"பொறுங்க. நீங்க கேட்டது இதுதானான்னு பாருங்க. இந்த டாக்டர் உண்மையிலேயே இருக்காரா, இல்ல நாங்க பொய் சொன்னோமான்னு கேக்குறீங்க."

மருந்துக்கடைக்காரர் தலையசைத்தார்.

"அந்த டாக்டர் இல்ல. இதை நம்ம மேடையில சொன்ன, விருந்தாளியா வந்த பிரசங்கியாரை இன்னைக்குப் போன்ல கூப்பிட்டுக் கேட்டேன். 'அது கதைம்மா, உவமைக்காகச் சொன்னேன்'னு சொன்னார். கதையை எடுத்து உண்மைன்னு அச்சடிச்சது நாங்க. எங்க ஆண்டவர் பேரைப் போட்டு நாங்க சொன்ன பொய் இது. மன்னிச்சிருங்க."

கதை சொல்வதையே ஊழியமாகக் கொண்டவர்களும் எங்களில் உண்டு. கதையைக் கதை என்று சொல்லிக் கொடுத்துப் பாருங்கள், அது நெஞ்சில் உட்கார்ந்து நாளெல்லாம் வேலை செய்யும். அதே கதைக்கு மருத்துவர் வேடம் போட்டு அனுப்பினால், தையல்காரம்மாவின் கையை முடக்கிவிட்டு வரும். உண்மையே வடிவானவர் என்று யாரை வணங்குகிறோமோ, அவருக்கு நம்முடைய பொய் எதற்கு? அவரைத் தாங்கிப் பிடிக்கப் பொய்க்கால் வேண்டுமா? மூளையைத் தந்தவர் ஒருவர், இருதயத்தைத் தந்தவர் வேறொருவரா? சிறுபிள்ளையாய் இருந்தபோதே ஆலயத்தில் அறிஞர் நடுவில் உட்கார்ந்து கேள்வி கேட்டவரை ஆண்டவர் என்று சொல்லிக்கொண்டு, கேள்வி கேட்டவரை வெளியே போ என்பதா? இதற்கு விசுவாசம் என்று பெயர் வைப்பதா? சோம்பலுக்குப் பக்தி வேடம் போட்டது போதும்!

மறுநாள் காலையிலேயே பொறுங்கம்மா தையல்காரம்மாவின் கட்டிலருகே போய் உட்கார்ந்தார்.

"அம்மா, மாத்திரை போட்டா என் விசுவாசம் குறைஞ்சதுன்னு ஆயிடாதா?" என்றார் தையல்காரம்மா, குழறிய வாயோடு.

"கண்ணாடி போட்டுக்கிட்டுத்தானே ஊசியில நூல் கோத்தீங்க? அப்ப உங்க விசுவாசம் குறைஞ்சுதா?"

தையல்காரம்மா கோணிய வாயாலேயே சிரித்தார். "அச்சடிச்சிருந்துச்சேம்மா, அதான் நம்புனேன்."

அந்த ஒரு வார்த்தை போதும், கண்ணுகளே. அச்சடித்திருந்ததால் நம்பினார்; நம் பெயர் இருந்ததால் நம்பினார். அந்த வலது கை இன்றும் ஊசி பிடிக்கவில்லை. இதோ, இரண்டாம் வரிசையில் இருக்கிறார். ஐயா, தயவுசெய்து ஒருமுறை திரும்பிப் பாருங்கள்.

அதற்குப் பிறகு நடந்ததைப் பூசி மெழுகப் போவதில்லை. நிர்வாகக் குழு பொறுங்கம்மாவைக் கூப்பிட்டது. "வெளியாட்கள் முன்னாடி நம்ம மானத்தை வாங்கிட்டீங்க" என்றார்கள். "பொய் அச்சானப்பவே மானம் போச்சு. அந்த மானத்தைத் தேடி எடுத்துட்டு வரத்தான் நான் முன்னாடி போனேன்" என்றார். ஓய்வுக்குச் சில வாரங்களே இருந்த அந்த ஊழியரின் கூடத்தைப் பூட்டினார்கள். இனி அது கைப்பிரதி அடுக்கும் கிடங்கு என்றார்கள். விசாரிக்க வேண்டியவரை விட்டுவிட்டு, விசாரித்தவரைத் தண்டித்தார்கள்!

பூட்டிய முதல் வெள்ளிக்கிழமை நல்ல மழை. யார் வரப்போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டே பொறுங்கம்மா படியிறங்கினார். பழக்க தோஷம், கையில் புத்தகம். கீழே, கூரையில்லாத வெளி மாடிப்படியில் மருந்துக்கடைக்காரர் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் இன்னும் பலர், வரிசையாய் விரித்த குடைகள்.

"வாங்கம்மா. அறிவை இந்தத் தடவை உள்ள வெச்சே பூட்டிட்டாங்க போல" என்றார் அவர்.

பொறுங்கம்மாவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. "கதவு பூட்டியிருக்கே, எதுக்கு வந்தீங்க?"

"நான் இன்னும் உங்க சாமியை நம்பலம்மா. அதைச் சொல்லிடுறேன். ஆனா உங்க பக்கத்துப் பொய்யை நீங்களே பொய்னு சொன்னீங்க. இனிமே நீங்க ஒண்ணை உண்மைன்னு சொன்னா, நான் உட்கார்ந்து கேக்கணும். அதுதான் நியாயம்." குடையைப் பொறுங்கம்மா பக்கம் சாய்த்தார். "என் பழைய கேள்வி அப்படியே இருக்கு. படிச்சிட்டிருக்கேன்னீங்களே, எதுவரைக்கும் வந்திருக்கீங்க?"

ஈரப்படியில் உட்கார்ந்து, ஒரே குடையின் கீழ், பொறுங்கம்மா புத்தகத்தைத் திறந்தார்.

கண்ணுகளே, இத்தனை கைப்பிரதி கொடுத்தோமே, அதைவிடப் பெரிய நற்செய்திப் பணியை நாங்கள் பார்த்ததில்லை.

இப்போது உங்களிடம் வருகிறோம், அம்மா. உங்களுக்குப் பரிசு கொடுக்கும் நேரம். ஆனால் உங்கள் சட்டத்தை நாங்கள் மீறலாமா? எனவே, பொறுங்கள். இத்தனை ஆண்டும் நீங்கள் எங்களிடம் கேட்டது இதுதானா என்று பாருங்கள்:

"நான் போன பிறகு, வருகிறவர் கேள்வியைக் கேட்டு முடிக்கும் முன்பே பதிலை அவர் வாயில் திணிக்காமல் இருப்பீர்களா? தெரியாததைத் தெரியாது என்பீர்களா? நம் பொய்யை நாமே பொய் என்று சொல்ல, வேலை போனாலும் அஞ்சாமல் இருப்பீர்களா?"

கேட்டது இதுதானென்றால் தலையசையுங்கள். நீங்கள் அசைக்கும் வரை இந்த மடலை மேற்கொண்டு வாசிக்க மாட்டோம்.

நன்றி, அம்மா. எங்கள் பதில்: இருப்போம். இந்த மடலைக் கண்ணாடிச் சட்டம் போட்டு உங்கள் வீட்டுச் சுவருக்குத் தரமாட்டோம். வெள்ளிக்கிழமைக் கூடத்தில், நாற்காலிக்கு எதிரே மாட்டுவோம். வரும் வெள்ளி மாலை அந்தக் கதவு திறந்திருந்தால் நாங்கள் முறைவைத்து அந்த நாற்காலியில் உட்காருவோம். பூட்டியிருந்தால் படியில் உட்காருவோம். செயலர் ஐயா, நீங்களும் வாருங்கள். உங்களிடமும் கேள்வி இருக்கும். அதையும் முதலில் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் பதில் பேசுவோம்.

படித்துத் தேய்ந்த கண்களுக்குப் பார்வை குன்றாதிருக்க! நடந்து நின்ற கால்களுக்கு நடுக்கம் வாராதிருக்க! நூறாண்டு தாண்டியும் நூலும் கையுமாய் நீங்கள் நலமே வாழ்க!

கதை கேட்ட கண்ணுகளே, உங்களுக்கும் ஒரு வாழ்த்து. உங்கள் வீட்டில் பிள்ளைகள் பயமில்லாமல் கேள்வி கேட்கட்டும். பெரியவர்கள் வெட்கமில்லாமல் தெரியாது என்று சொல்லட்டும். மாத்திரை வேளைக்குக் கிடைக்கட்டும். ஜெபம் மனதார எழும்பட்டும். உங்கள் கூரைக்குக் கீழே பொய் ஒருநாளும் தங்காமல், உண்மையும் அன்பும் ஒரே குடைக்குள் உட்கார்ந்திருக்கட்டும்.

இப்படிக்கு,
படியில் உட்காரவும் துணிந்த
நற்செய்தி இல்லப் பணியாளர்கள்