செவுளுக்குள் பூச்சி

— சோப்புக் கைய தொட்டிக்குள்ள உடாத ஹெலனு!

— உட்டா மட்டும் புதுசா சாவப் போவுதா? ரெண்டு ஜோக்கர் மீனும் மெதக்குது. இந்தா, வலையப் புடி.

— ரெண்டுமா பூடுச்சி?

— ரெண்டுந்தான். இந்த நீல மீனு ஒண்ணுதான் பாக்கி. பம்புத் தண்ணி வுழுற எடத்துல வாயத் தொறந்துக்கினு நிக்குது பாரு. நேத்துலருந்து அங்கதான்.

— மூச்சு பத்தல அதுக்கு. செவுள்ல பூச்சி ஏறிட்ச்சி.

— மேல ஒண்ணும் பெருசா காணமே. உப்புத் தூவுனாப்ல நாலு புள்ளி, அவ்ளோதான்.

— மேல தெரியறது கொஞ்சம். உள்ள போயி குந்திக்கும். மேல நல்லா தெரிய சொல்லோ உள்ள எல்லாம் முடிஞ்சிருக்கும்.

— இவ்ளோ தெரிஞ்ச தொர, புது மீன கவர்லருந்து அப்பிடியே இதுல ஊத்துனியே, ஏன்யா?

— நம்ம பொண்ணு ஏஞ்சலின் பர்த்டேன்னு ஒரு குஷி. தொட்டியக் குடுத்துட்டுப் போன கம்பெனி மேனேஜரு படிச்சிப் படிச்சி சொன்னாரு, புது மீன தனி பக்கெட்டுல வெச்சிப் பாத்துட்டுதான் உடணும்னு.

— அவ ஸ்கூல்லருந்து வந்து ஜோக்கர் எங்கன்னு கேட்டா நீயே சொல்லு. எனுக்கு வாயி வராது. சரி, மருந்து?

— செம்பு மருந்து கீது. பக்கெட்டுல கலக்கி இத மட்டும் தனியா உடணும். அளவு கூடுனா மீனு சாவும், கொறஞ்சா பூச்சி பொழச்சிக்கும்.

— தேறுனா திரும்ப இதுலயே உட்டுடலாமா?

— லூசா நீ? பூச்சி மீனு மேல மட்டுமா கீது? தண்ணில கீது, அடி மணல்ல கீது. தேறுனத உட்டாலும் புடிச்சிக்கும், புதுசா எத உட்டாலும் புடிச்சிக்கும். ரெண்டு மூணு மாசம் தொட்டி சும்மா கெடக்கணும். ஒட்டறதுக்கு ஒரு உடம்பு கெடைக்கலன்னா தானா சாவும்.

— மெதுவா, மெதுவா. பக்கெட்ட வை. குந்து. தண்ணி குடி.

— ஒண்ணுமில்ல. குனிஞ்சது.

— இந்தத் தொட்டிக்குப் பழவேற்காட்டுலருந்து கடல் தண்ணிய ரெண்டு கேனு தூக்கியாந்த ஆளு. இப்ப அரை பக்கெட்டுக்கு மூச்சு இழுக்குது.

— பனி, ஹெலனு.

— ராவுல எழுந்து ஜன்னலாண்ட வாயத் தொறந்துக்கினு நிக்கறியே, அதுவும் பனியா? நான் தூங்கிட்டேன்னு நெனச்சிக்கினியா?

— அந்த மருந்து பாட்டில எடு மொதல்ல.

— கிரைண்டிங் ஷெட்டுல உன் பக்கத்து மிஷினு எட்வர்ட்டு எங்கய்யா இப்ப?

— செத்தவன இழுக்காத.

— நெஞ்சு பூரா தூசி, இனிமே அந்த ஷெட்டுல காலு வெக்காதன்னு ஆஸ்பத்திரில சொன்னாங்களா இல்லியா, சாம்சன்?

— சொன்னாங்க. அரிசி அவங்களா வாங்கித் தருவாங்க? இந்தக் கும்மிடிப்பூண்டில எந்த ஷெட்டுக்குப் போனாலும் தூசிதான். திங்கக்கிழம வரேன்னு காண்ட்ராக்டராண்ட சொல்லிட்டேன்.

— நானும் அவராண்ட போய்ப் பேசிட்டேன்.

— இன்னான்னு?

— சாம்சன் இனிமே வராதுன்னு.

— யாரக் கேட்டு சொன்ன? கர்மம்! ஷெட்டு வாசலாண்ட ஆளுங்க வரிசையா நிக்கறானுங்க. இந்நேரம் புது ஆள உள்ள உட்டுருப்பான்!

— உட்டுட்டாரு. மிஷினு வேல இல்ல, கீழ வுழுற தூசிய அள்ற வேல. பொம்பளைக்கு அதான் குடுப்பாங்களாம்.

— எந்தப் பொம்பளைக்கு?

— நீ மூஞ்சில கட்டிக்கினு போவியே, அந்தத் துண்ட தொவச்சிக் காயப் போட்டுக்கீறேன். எடுத்துடாத. திங்கக்கிழம எனுக்கு வேணும்.