யார் பேட்ஜ்ல ஜாஸ்தி?

கேப்டன்: ...அட, நீயே இறங்கிப் போயேன் தம்பி! பூமிக்குப் போற விண்கலத்துல ஒரு சீட்டுதானே இருக்கு. எனக்கென்ன புள்ளையா குட்டியா, மெதுவா வர்றேன்.

இன்ஜினியர்: சேச்சே! மூத்தவங்க நீங்க இருக்கும்போது நான் முந்திக்கறதா? நீங்க போங்கக்கா.

கேப்டன்: உன் பொண்டாட்டி வழிமேல விழி வச்சுக் காத்திருப்பா...

இன்ஜினியர்: எங்க காத்திருக்கா? கீழ உட்கார்ந்து, நாம குத்தியிருக்கற பேட்ஜ் வழியா நம்ம உடம்புல எவ்வளவு கதிர்வீச்சு ஏறுதுன்னு அளந்துட்டு இருக்கா. டாக்டரைக் கட்டிக்கிட்டா அப்படித்தான்.

கேப்டன்: அப்போ நமக்குள்ள பேச்சே வேண்டாம். யார் பேட்ஜ்ல கதிர்வீச்சு ஜாஸ்தியோ அவங்க இறங்கணும்னு உத்தரவு. அப்படியே நடக்கட்டும்.

இன்ஜினியர்: ஜாஸ்தியான ஆளை அப்புறம் இந்த விண்வெளி நிலையத்துப் பக்கமே விடமாட்டாங்களாமே...

கேப்டன்: விடாட்டிப் போகட்டும். எனக்கு ஒண்ணும் ஆசை இல்லப்பா.

இன்ஜினியர்: எனக்கும்தான்... ஆமா, எங்கக்கா உங்க பேட்ஜ்? சட்டையில காணோம்?

கேப்டன்: உள்சட்டையில இருக்கு. உன்னோடது?

இன்ஜினியர்: எனக்கும்... உள்ளதான்.

டாக்டர்: ஹலோ, மேல கேக்குதா?

இன்ஜினியர்: கேக்குதும்மா... அதாவது, கேக்குது டாக்டர்.

டாக்டர்: இந்த மாசம் உங்க பேட்ஜ் ரெண்டும் அனுப்பின அளவைப் பார்த்தேன். ஒரு விஷயம் இடிக்குதே.

கேப்டன்: யாருக்கு ஜாஸ்தி?

டாக்டர்: யாருக்குமே இல்ல. ரெண்டும் கம்மி.

கேப்டன்: நல்லதுதானே! புண்ணியம் பண்ணின உடம்பு டாக்டரம்மா.

டாக்டர்: அங்க சுவத்துல மாட்டியிருக்குற மீட்டர் வழக்கம்போல ஏறிக்கிட்டுதான் இருக்கு. சுவரு மட்டும் பாவம் பண்ணிச்சா?

இன்ஜினியர்: கதிர்வீச்சு... இடத்துக்கு இடம் மாறும்ல?

டாக்டர்: மாறும். அதனாலதான் கேக்கறேன். உங்க ரெண்டு பேர் அளவும் புள்ளி பிசகாம ஒண்ணா இருக்கு. ராத்திரி பகல் பார்க்காம ஒரே இடத்துல ஒட்டிக்கிட்டே இருந்தாத்தான் அப்படி வரும்.

இன்ஜினியர்: என்ன... என்ன சொல்ல வர்ற?

டாக்டர்: தூங்குற பை அங்க எத்தனை இருக்கு?

கேப்டன்: ஐயையோ! டாக்டரம்மா, இவன் எனக்குத் தம்பி மாதிரி!

டாக்டர்: மாதிரிதானே.

இன்ஜினியர்: அடியே, சத்தியமா அந்தப் பேட்ஜ் என் உடம்புலயே இல்லடி! குடிக்கற தண்ணிப் பைக்குப் பின்னாடி சொருகி வச்சிருக்கேன்! தண்ணி கதிர்வீச்சைத் தடுக்கும்ல... அளவு கம்மியா காட்டினா இங்கேயே இருந்துக்கலாம்னு...

கேப்டன்: அடப்பாவி! வாய் கூசாம "நீங்க போங்கக்கா, நீங்க போங்கக்கா"ன்னு சொன்னியே!

டாக்டர்: கேப்டன், உங்க பேட்ஜ்?

கேப்டன்: அது வந்து...

டாக்டர்: சொல்லுங்க.

கேப்டன்: என்னோடதும் தண்ணிப் பை நடுவுலதான். எதிர்ப் பக்கத்து அடுக்கு... இறங்கிட்டா மறுபடி ஏத்த மாட்டீங்களே டாக்டரம்மா! கீழ எனக்குன்னு என்ன இருக்கு?

இன்ஜினியர்: அக்கா! நீங்களுமா?

டாக்டர்: நல்ல ஜோடி! தண்ணிக்கு எவ்வளவு ஏறிச்சுன்னு துல்லியமா தெரியுது. உங்களுக்கு எவ்வளவு ஏறிச்சுன்னு நான் யாரைப் போய்க் கேக்கறது? ரெண்டு பேரும் இறங்கணும். இந்தக் கலத்துல ஒருத்தர், அடுத்ததுல ஒருத்தர்.

இன்ஜினியர்: கொஞ்சம் பொறும்மா...

டாக்டர்: பொறுத்தது போதும். நீங்க எனக்கு முழுசா வேணுங்க.

இன்ஜினியர்: ...சரி. வர்றேன். ஆனா எண்ணு ரெண்டும் ஏன் ஒண்ணா வந்துச்சுன்னு இப்பவாவது புரிஞ்சுதா? வீணா சந்தேகப்பட்டியே!

டாக்டர்: எண்ணு எங்கங்க ஒண்ணா வந்துச்சு? அது ரெண்டும் வேற வேற. சும்மா போட்டு வாங்கினேன்.