கை தூக்கிய பிறகு

நடந்தே வந்தேன். இந்த மாதத்தில் துறைமுகத்துப் பக்கம் காற்று நன்றாக இருக்கும், கார் எடுத்தால் அது கிடைக்காது. தேநீர் வேண்டாம், வீட்டிலேயே குடித்துவிட்டேன். நீங்கள் நாளைக் காலை ஹாலிஃபாக்ஸுக்குத் திரும்புவதாகச் சொன்னார்கள். கிளம்புவதற்கு முன் பார்த்துவிடலாம் என்றுதான் வந்தேன். உங்களை அதிகம் நிறுத்தி வைக்க மாட்டேன். எனக்கும் இப்போதெல்லாம் சீக்கிரம் களைத்துப் போய்விடுகிறது.

உங்கள் விசாரணை அறிக்கையைப் படித்தேன். மரியாதையாகவே எழுதியிருக்கிறீர்கள். என்மேல் குற்றம் இல்லை என்கிறீர்கள். 'விழுந்து கிடந்தவருக்கும் மூத்த நடுவர் ஹெக்டர் மக்விகருக்கும் இடையே மற்ற ஆட்டக்காரர்கள் ஓடிக்கொண்டிருந்ததால், அவர் நிலையை நடுவரால் பார்க்க முடியவில்லை' என்று ஒரு வாக்கியம் இருக்கிறது. அந்த வாக்கியத்தை மாற்ற வேண்டும். அதற்காகத்தான் வந்தேன்.

இந்த ஊரில் தடுக்கி விழுந்தால் ஒரு மக்விகர்மேல்தான் விழ வேண்டும். ஆகவே ஒவ்வொரு வீட்டுக்கும் இன்னொரு பெயர் வைத்திருக்கிறார்கள். செம்பட்டை மக்விகர், பாலத்தடி மக்விகர், இப்படி. நாங்கள் விசில் மக்விகர். என் தாத்தா நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை நேரத்துக்கு விசில் இழுத்தவர். என் அப்பா பனித்தரை ஹாக்கியில் நடுவர். நான் பந்து ஹாக்கியில். வசந்தத்தில் அரங்கத்துப் பனியை உருக்கிவிட்டால் அடியில் சிமெண்டுத் தரைதானே. அதில் கேன்வாஸ் ஷூவோடு ஆரஞ்சுப் பந்தைத் துரத்திக்கொண்டு ஓடுவது எங்கள் தீவில் மாதா கோவிலுக்குப் போவது போல. போகாத வீடு கிடையாது. மூன்று தலைமுறையாக எங்கள் வீட்டு விசிலை யாரும் சந்தேகப்பட்டதில்லை. வேலித் தகராறுக்குக்கூட எங்கள் வாசலுக்கு வந்திருக்கிறார்கள். இது பெருமைக்குச் சொல்வதல்ல. நான் எந்த இடத்தில் நின்றுகொண்டிருந்தேன் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும்.

என் மகன் கேலம் நல்ல ஓட்டக்காரன். அவனைப் போல வளைந்து ஓடுகிறவன் இந்தக் கரையோரத்தில் இல்லை. ஆனால் அவன் விழுவான். மட்டை காலில் பட்டதும் படாததுமாக விழுவான். முழங்காலைக் கட்டிக்கொண்டு உருளுவான். ஒரு கண்ணை மட்டும் திறந்து, எதிராளி தவறு செய்தான் என்று என் கை மேலே போகிறதா என்று பார்ப்பான்.

காப்பிக் கடையில் ஆரம்பித்தார்கள். முதலில் நான் இல்லாதபோது, பிறகு நான் இருக்கும்போதே.

"ஹெக்டர், உன் பையனுக்கு அந்தத் தரைமேல என்னப்பா அவ்வளவு ஆசை? படுக்கையை அங்கேயே கொண்டுபோய்ப் போட்டுடேன்."

"காத்து கொஞ்சம் வேகமா அடிச்சாலே விசில் வீட்டுப் பையன் விழுந்துடறான். கதவைச் சாத்துங்கடா."

நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் அது இன்னும் வளரும் என்று தெரியும்.

அவனிடம் ஒரு நாள் கேட்டேன். அவன் படகுத்துறையிலிருந்து வேலை முடிந்து வந்து, சமையலறையில் நின்றபடியே மீன் பணியாரம் தின்றுகொண்டிருந்தான்.

"அப்பா, இது விளையாட்டு. நான் விழறேன், நீங்க கை தூக்குறீங்க. எல்லா ஊர்லயும் நடக்குறதுதான்."

"என் கைய நீ உன் வேலைக்கு வெச்சுக்கறே."

"அப்போ தூக்காதீங்க. நானா தூக்கச் சொன்னேன்?" என்று சொல்லிவிட்டு, என் தட்டிலிருந்தும் ஒன்றை எடுத்துக்கொண்டான்.

நியாயமான பதில்தான். பல நாள் யோசித்தேன்.

அரை இறுதியில் அவன் விழுந்தான். நான் நின்ற கோணத்திலிருந்து உண்மையாக இடித்தது போலத்தான் தெரிந்தது. கை தூக்கினேன். எதிராளி வெளியே போனான், ஆள் குறைந்த நேரத்தில் கேலமின் அணி கோல் போட்டு ஜெயித்தது. கை குலுக்க வரிசையாக வந்தபோது, இரண்டு அணிக்கும் முன்னால், கேலம் என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். மேலே உட்கார்ந்திருந்தவர்கள் பார்த்தார்கள். யாரோ சிரித்தார்கள். அந்த நிமிடத்தில் என் தாத்தாவிலிருந்து என்வரை எல்லோரையும் அவன் விற்றுவிட்டான் என்று நினைத்தேன். வேறு விதமாக நினைத்திருக்கலாம். நினைக்கவில்லை.

இறுதி ஆட்டத்துக்கு என்னை வைக்க வேண்டாம் என்று சங்கத்தில் சிலர் சொன்னார்கள். எதிர் அணியின் கேப்டன் ஜெரார் ஓக்வான்தான் மறுத்தான். அவன் வடக்குப் பக்கத்துப் பிரெஞ்சுக்காரன், நண்டு பிடிக்கிறவன், கொஞ்சம் வாய் அதிகம். "எங்களுக்கு ஹெக்டர்தான் வேணும். சொந்தப் பையனையே தூக்கி உள்ள போடற மனுஷன்" என்றான். அது என்னைப் பற்றி யாரும் சொன்ன நல்ல வார்த்தைகளில் ஒன்று.

ஆட்டத்துக்கு முன்பே நான் தீர்மானித்துவிட்டேன். கேலம் விழும்போது, 'நடித்தான்' என்று அவனுக்கே தண்டனை கொடுப்பது. ஊர் மொத்தமும் பார்க்க. எந்த விழுகை என்பதை மட்டும் அவனிடமே விட்டுவிட்டேன்.

இனி விதி. உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். ஒருவன் தவறு செய்தால் நடுவர் உடனே விசில் ஊதுவதில்லை. கையை மட்டும் மேலே தூக்குவார். தவறு செய்தவனுடைய அணி பந்தைக் கைப்பற்றிய பிறகுதான் விசில். அதுவரை எதிர் அணி ஆடலாம், தன் கோல்காவலரை வெளியே அழைத்து இன்னொரு ஓட்டக்காரனைக்கூட இறக்கலாம். அடிபட்டு ஒருவன் கிடந்தாலும் அப்படித்தான். அவன் அணியிடம் பந்து வரும்வரை ஆட்டம் நடக்கும். இன்னொன்று, பனி ஹாக்கியில் ரப்பர் வட்டைத் தன் கோல் பக்கத்து நீலக்கோட்டுக்கு வெளியே தள்ளினால் மூச்சு விடலாம். எங்கள் ஆட்டத்தில் பந்து ஒரு தடவை உள்ளே வந்துவிட்டால் எல்லை நடுக்கோடுவரை விரிந்துவிடும். பாதித் தரை முழுக்க எதிராளிக்குத்தான். பந்து வைத்திருக்கத் தெரிந்தவர்கள் வெகுநேரம் வைத்திருக்கலாம். ஜெராரின் ஆட்கள் அதில் கெட்டிக்காரர்கள்.

மூன்றாம் பகுதியின் கடைசியில் ஜெரார் பந்தை அடித்தான். கேலம் குறுக்கே வந்தான். அடித்த வேகத்தில் ஜெராரின் தோள் இவன்மேல் லேசாக உரசியது. கேலம் இரண்டு அடி நடந்துவிட்டு விழுந்தான். இரண்டு அடி நடந்த பிறகு விழுந்ததால் மேலே எல்லோரும் சிரித்தார்கள். "குட் நைட், கேலம்" என்று ஒருவன் கத்தினான். நான் கை தூக்கினேன். நடிப்பு என்று சைகை காட்டினேன். கைதட்டினார்கள். பந்து திரும்பவும் ஜெராரின் ஆட்களிடமே போயிருந்தது.

இதுவரை நீங்கள் எழுதியிருப்பதுதான். இனிமேல் இருப்பது உங்கள் அறிக்கையில் இல்லை.

ஜெரார் அடித்த பந்து கேலமின் மட்டையில் பட்டுத் திரும்பியது என்று எழுதியிருக்கிறீர்கள். வீடியோவில் அப்படித்தான் தெரியும். அது மார்பில் பட்டது. அன்று குளிர் அதிகம், குளிரில் அந்தப் பந்து கல்லாகிவிடும். மட்டையில் பட்டால் ஒரு சத்தம், மார்பில் பட்டால் வேறு சத்தம். எனக்குக் கேட்டது.

கையைத் தூக்கியபடி அவன் பக்கமாக ஓடினேன். ஆட்டத்தோடு ஓட வேண்டுமல்லவா. அவன் முழங்காலைக் கட்டிக்கொள்ளவில்லை. கைகள் இரண்டும் உடம்புக்கு அடியில் மாட்டியிருந்தன. என் கையை அவன் தேடவில்லை. முகக்கம்பிக்குள் கண் திறந்திருந்தது, எதையும் பார்க்கவில்லை. எங்களுக்கு நடுவே யாரும் இல்லை. உங்களுக்கும் எனக்கும் நடுவே இந்த மேஜை இருக்கிறது, அதுகூட இல்லை.

மறு முனையில் இன்னொரு நடுவர் வெர்னா நின்றாள். பள்ளி பஸ் ஓட்டுகிறவள், நல்ல கண். விசிலை வாய்க்குக் கொண்டுபோய் என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன், வேண்டாம் என்று. அவள் கையைக் கீழே விட்டாள். இதை அவள் உங்களிடம் சொல்லவில்லை என்று தெரிகிறது. என்மேல் உள்ள மரியாதை. அவள்மேல் எதுவும் எழுத வேண்டாம்.

கேலமின் மனைவி ஷீலா ஆஸ்பத்திரியில் நர்ஸ். அணிக்கு மருந்துப் பை தூக்குகிறவளும் அவள்தான். பெஞ்சுக் கதவின் தாழ்ப்பாளில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"மாமா, அவர் அசையல. மாமா."

விசில் ஊதாமல் யாரும் தரையில் இறங்கக் கூடாது. இறங்கினால் அணிக்குத் தண்டனை. தூக்காத கையை அவளுக்கு நேராக நீட்டி, நில் என்று காட்டினேன். எங்கள் வீட்டு மருமகள், விதி தெரிந்தவள். நின்றாள். இதயத்துக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டி காப்பி விற்கும் ஜன்னல் பக்கத்தில் சுவரில் மாட்டியிருந்தது. அதை மாட்டச் சொல்லி நிதி திரட்டியவர்களில் நானும் ஒருவன்.

கேலமின் கூட்டாளி டொனால்ட் பந்துமேல் பாய்ந்து மட்டையால் தட்டினான். அது ஜெராரின் ஆளுக்கே திரும்பிப் போயிற்று.

"தொட்டுட்டேன், ஊதுங்க. அவன் கிடக்கிறான், ஊதுங்க சார்."

"தொடறது வேற, கைப்பற்றுறது வேற" என்றேன்.

விதி அப்படித்தான் சொல்கிறது. எவ்வளவு நேரம் என்று நீங்கள் வீடியோவில் எண்ணியிருப்பீர்கள். நான் எண்ணவில்லை. தூக்கிய தோள் வலித்தது, அது நினைவிருக்கிறது. மேலே சிரிப்பு நின்றுபோயிருந்தது.

கடைசியில் பந்து ஜெராரிடம் வந்தது. கேலமின் அணியுடைய கோல் அவனுக்குத் திறந்து கிடந்தது. அவன் அடிக்கவில்லை. பந்தைக் காலடியில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான்.

"ஹெக்டர், ஊதுய்யா. உம் பையன் எழுந்திரிக்க மாட்டேங்கறான்."

"ஆடு" என்றேன்.

அவன் ஒரு கெட்ட வார்த்தை சொன்னான், பிரெஞ்சில். பிறகு பந்தை மெதுவாக டொனால்டின் மட்டைக்குத் தள்ளினான். இறுதி ஆட்டத்தில், எதிராளிக்கு. டொனால்ட் பந்தை அடக்கிப் பிடித்தான். இப்போது கைப்பற்றியாகிவிட்டது. விசில் ஊதினேன்.

எல்லோரும் கேலமிடம் ஓடினார்கள். நான் ஸ்கோர் மேஜைக்குப் போனேன். தண்டனையை முதலில் அறிவிக்க வேண்டும், அதுதான் வரிசை. "கேலம் மக்விகர், இரண்டு நிமிடம், நடிப்பு." மேஜையில் இருந்த பெண் எழுதவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுதும்மா என்றேன். அவள் எழுதி முடித்த பிறகுதான் திரும்பினேன். ஷீலா அவன் மார்பை அழுத்திக்கொண்டிருந்தாள். அந்தப் பெட்டியை ஜெரார் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான். பெட்டி வேலை செய்தது. நேரம்தான் போய்விட்டிருந்தது. டாக்டரும் அதைத்தான் சொன்னார்.

நான் சொன்ன விதிக்குக் கீழேயே இன்னொரு வரி இருக்கிறது. காயம் மோசமானது என்று நடுவருக்குத் தோன்றினால், பந்து யாரிடம் இருந்தாலும் உடனே ஆட்டத்தை நிறுத்த வேண்டும். உங்களுக்குத் தெரியும். அதனால்தான் எனக்குத் தெரியவில்லை என்று எழுதி என்னைக் காப்பாற்றப் பார்த்தீர்கள். கிழவன், மகனை இழந்தவன், போகட்டும் என்று நினைத்திருப்பீர்கள். நல்ல மனது. ஆனால் என் ஆட்டத்தில் நான் பார்க்காதது என்று ஒன்று இருந்ததில்லை. என் அப்பாவின் பெயருக்குக் கீழே, கண் தெரியாத நடுவர் என்று என்னை நிறுத்திவிட்டுப் போகாதீர்கள்.

கையை இறக்கியிருக்கலாம். ஒரு நொடி வேலை. இறக்கியிருந்தால், கைதட்டியவர்களே மறுநாள் காப்பிக் கடையில் பேசியிருப்பார்கள். பார்த்தாயா, மகன் என்றதும் தூக்கின கை இறங்கிவிட்டது என்று. அவன் செத்துக்கொண்டிருந்தான் என்பது அவர்களுக்குப் பிறகு தெரிந்திருக்கும். ஆனால் முதலில் அதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

ஷீலா பேத்தியை அழைத்துக்கொண்டு, இதே தீவில் சிட்னி ஊரில் இருக்கும் தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். குழந்தையின் குடும்பப் பெயரையும் தன் பிறந்த வீட்டுப் பெயராக மாற்றிவிட்டதாகச் சொல்கிறார்கள். அது அவள் இஷ்டம். நான் கேட்கவில்லை.

கேலமின் தண்டனையை ஆட்டப் பதிவிலிருந்து நீக்கியிருக்கிறீர்கள். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அது தவறான தீர்ப்பு. அன்றைக்கு அவன் நடிக்கவில்லை. கை தூக்கும்போதே எனக்கு அது தெரியும். மற்றதெல்லாம் விதிப்படிதான் நடந்தது. 'பார்க்க முடியவில்லை' என்பதை அடித்துவிட்டு, 'பார்த்தார், நிறுத்தவில்லை' என்று எழுதுங்கள். கீழே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறேன்.

நீங்கள் என்னைப் பார்க்கும் பார்வை புரிகிறது. ஆனால் அவனுக்காகத்தான் செய்தேன். அன்றைக்கு அவன் எழுந்து, அப்பா கொடுத்த தண்டனைக்குப் போய் உட்கார்ந்திருந்தால், அதற்கப்புறம் இந்த ஊரில் ஒருவரும் அவனைப் பார்த்துச் சிரித்திருக்க மாட்டார்கள்.